தெர்மாகோல் குகை

சினிமாவுக்காகப் போட்ட குகை அது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வௌவால் அதன் கூரையில் குட்டி போட்டுவிட்டது.

"அக்கா, குட்டியைத் தூக்கிக்கிட்டு வேற எங்கயாவது போயிடுங்க," என்றது வௌவால் பிடித்துத் தொங்கிய தெர்மாகோல் பாறை. "நாளைக்கு கிளைமாக்ஸ். ஹீரோ புதையலை எடுத்ததும் குகை இடிஞ்சு விழணுமாம். எங்களைக் கயிறு கட்டி இழுத்துடுவாங்க."

வௌவாலுக்குச் சிரிப்பு வந்தது. "புதையலை எடுத்தா குகை எதுக்குப்பா இடியணும்? நான் பொறந்ததே மலைக்குகையில. எத்தனையோ தலைமுறையா எங்க ஆளுங்க அங்க இருக்காங்க. ஒரு கல்லு பேர்ந்ததில்ல."

மறுநாள் தூங்குகிற குட்டியை விட்டுவிட்டு இரை தேடப் போனது. திரும்பி வந்தபோது குகை இருந்த இடத்தில் வெள்ளைத் தூள்தான் பறந்துகொண்டிருந்தது.

படம் வெளியானது. ஒவ்வொரு காட்சிக்கும் அந்த வௌவால் தியேட்டர் கூரையில் வந்து தொங்குகிறது. ஹீரோ குகைக்குள் நுழையும்போது, திரையின் மேல் மூலையில் அதன் குட்டி தூங்கிக்கொண்டிருக்கும்.

"கிராபிக்ஸ்டா! அப்படியே நிஜ வௌவால் மாதிரி இருக்குல்ல?" என்பார்கள் கீழே.

வௌவால் கண்கொட்டாமல் பார்க்கும். ஹீரோ புதையல் பெட்டியைத் தொடுவதற்குள் வெளியே பறந்துவிடும்.