மணி அடிக்காத மத்தியானம்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை அன்று கடலுக்குப் போகிறவன் தருவைகுளத்தில் கஸ்பார் ஒருவன்தான்.

மற்ற வள்ளங்கள் எல்லாம் பெரிய வியாழனே கரையேறிவிட்டன. ஆண்டவர் செத்துக் கிடக்கிற நாளில் துடுப்பு போடலாமா என்று முதல் வருஷம் ஊரே திட்டியது. இது ஐந்தாவது வருஷம், 1974. இப்போது திட்டக்கூட ஆளில்லை. தங்கச்சி புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவனோடு என்ன பேச்சு என்று கைகழுவிவிட்டார்கள்.

வள்ளத்தில் வலை இல்லை, தூண்டில் இல்லை. ஒரு கல்லும் ஒரு கயிறும் மட்டும்.

தள்ளப் போகும்போது பின்னால் மணல் நெறுநெறுத்தது. திரும்பினான். அந்தோணியம்மாள்.

அவன் தங்கச்சி. அவன் வருகிற தெருவில்கூட இத்தனை வருஷமாக வராதவள், தானே தேடி வந்து நிற்கிறாள். கையில் செபமாலை சுற்றியிருந்தது.

"இன்னைக்காவது உண்மையச் சொல்லு. அவரு கயித்தச் சுண்டுனப்ப உன் கையில பீடிதான இருந்துச்சு?"

இல்லை என்று அவன் வாயால் கேட்கத்தான் வந்திருக்கிறாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது. 'அண்ணே' என்கிற வார்த்தை உதடு வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

அவன் செபமாலையைப் பார்த்தான்.

"ஆமாளா. பீடிதான்."

அவள் வந்த காலடியிலேயே மிதித்துத் திரும்பிப் போனாள். ஓடிப்போய் அவள் காலில் விழலாம் போல இருந்தது அவனுக்கு. வள்ளத்தைத் தள்ளினான்.

சங்கு குளிக்கிறவன் மூச்சு முட்டிச் சுண்டியதும் இழுத்துத் தூக்க, மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். அது கடற்கரை வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியை எவன் கைநழுவ விடுவான் என்கிற நம்பிக்கை. அப்படித்தான் அந்தோணியம்மாள் புருஷன் ரோச் கயிற்றை இவன் கையில் கொடுத்துவிட்டு, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இறங்கினான். இரண்டு பேர் மட்டும் போன வள்ளம். கயிறு ஏறி வந்தது, ரோச் வரவில்லை. மூக்கில் ரத்தம் வரும்வரை இவனும் முங்கித் தேடினான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென்று ஒரு சாண் மண் இல்லை.

'பீடி குடிச்சிட்டு இருந்தியால?' என்று கரையில் யாரோ கேட்டார்கள். தலையாட்டினான். அன்றோடு பீடியை விட்டான். அதையும் ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

ரோச் இறங்கின பாருக்கு, அந்தக் கடலடிப் பாறைத்திட்டுக்கு, வந்ததும் வள்ளத்தை நிறுத்தி, கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினான். ஆறு பாகம், ஆறு ஆள் ஆழம். கல் தரை தட்டியது கைக்குத் தெரிந்தது.

சின்ன வயதில் உபதேசியார் ஜேசுபாதம் ஞானோபதேச வகுப்பில் சொன்ன விஷயம். வெள்ளிக்கிழமை செத்த ஆண்டவர் சனிக்கிழமை சும்மா படுத்திருக்கவில்லை. பாதாளத்தில் இறங்கினார். அங்கே கதவுகளை உடைத்து, ஆதாமின் மணிக்கட்டைப் பிடித்து, அவனோடு அத்தனை பேரையும் மேலே தூக்கினார்.

மற்ற பிள்ளைகள் அதைப் பரீட்சையோடு மறந்துவிட்டார்கள். கஸ்பார் மட்டும் பிடித்துக்கொண்டான். இன்றைக்கு அவர் கீழே இருக்கிறார். கூட்டத்தில் ரோச்சையும் பார்ப்பார். அவர் தூக்கிவிடுவார்தான். ஆனாலும் மேலே ஒரு ஆள் கயிறு பிடிக்க வேண்டாமா?

இதைச் சாமியாரிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் சொல்லவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. வள்ளத்தின் நிழல் வள்ளத்துக்கு அடியிலேயே ஒடுங்கியது. வியாழனன்று ஓய்ந்த கோயில் மணி இனி இன்று ராத்திரி பாஸ்குப் பூசைக்குத்தான் வாய் திறக்கும். வருஷத்தில் மத்தியான மணி அடிக்காத நாட்கள் இரண்டுதான், நேற்றும் இன்றும்.

ரோச் இறங்கின அன்றைக்கு அடித்தது.

கரைக்காற்றில் தெளிவாகக் கேட்டது. ரோச் அப்போதுதான் கீழே போயிருந்தான். மணி கேட்டால் கை நெற்றிக்குப் போகிற பழக்கம், தாய்ப்பாலோடு வந்தது. கஸ்பார் கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொண்டு எழுந்து நின்று கைகூப்பினான். மூன்று அருள்நிறை மந்திரம். மூன்றாவதில் காலுக்கடியில் கயிறு சுண்டியது.

அரை மந்திரம்தான் பாக்கி. மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவைக் கேட்கிற அரை. செபத்தைப் பாதியில் விடக்கூடாது என்று ஒரு வார்த்தையும் விழுங்காமல் சொல்லி முடித்து, சிலுவை போட்டுக்கொண்டு, குனிந்து இழுத்தான்.

கயிறு லேசாக வந்தது.

மத்தியான மணி கேட்டால் அந்தோணியம்மாள் நடுத்தெரு என்றும் பார்க்க மாட்டாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழங்காலில் நிற்பாள். அந்த மூன்று மந்திரத்தில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவனுக்குத் தங்கச்சி கிடைப்பாள். அவளுக்கு அந்த மணி போய்விடும்.

கரை சத்தமில்லாமல் கிடந்தது.

மணி இல்லாமலே அவன் வலது கை கயிற்றை விட்டு நெற்றிக்குக் கிளம்பியது. கஸ்பார் அதைப் பாதி வழியில் இறக்கி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.