ரெண்டு பேருக்கு ஒரு ரூம்

"இது வேண்டாம்" என்று சிவப்புப் பென்சிலால் அந்தத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார் சர்வேயர்.

"முழுசாப் படிக்கவே இல்லையே, அதுக்குள்ள கோடா?" என்றாள் மனைவி.

"படிச்சாச்சு. மொத்தமே பன்னிரண்டு ரூம். ஒரு நீச்சல் குளம்கூடக் கிடையாது. அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?"

"ஆமா, நீங்க நீந்தத்தான் போறீங்க! பக்கெட் தண்ணியிலயே ஜலதோஷம் பிடிக்கிற ஆளு."

சர்வேயர் போன மாதம்தான் ஓய்வு பெற்றார். முப்பத்தைந்து வருடம் ஊரார் நிலத்தை அளந்த மனுஷன், கடற்கரையில் ஒரு வாரம் தங்குவதையும் அளந்துதான் முடிவு செய்வார். ஒவ்வொரு விடுதியிலும் அறையிலிருந்து அலை வரைக்கும் எத்தனை அடி இருக்கும் என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.

மூன்று விடுதிகளின் விவரத்தையும் பள்ளிக்கூட அலுவலகத்தில், தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்து வந்தவள் மனைவிதான். அந்தச் சின்ன விடுதியை வேண்டுமென்றே நடுவில் வைத்திருந்தாள். முதலில் வைத்தால் சந்தேகம் வரும், கடைசியில் வைத்தால் அதுவரைக்கும் அவருக்குப் பொறுமை இருக்காது.

காரணம் இல்லாமல் இல்லை. விடுமுறை முடிந்து வந்த பி.டி. டீச்சர் போன வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நாங்க தங்கின இடத்துல உங்க பொண்ணுதான் ரிசப்ஷன்ல இருக்கா. ரொம்ப இளைச்சுட்டா. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டா, கேட்டுட்டு அழுதுட்டா" என்று சொல்லியிருந்தாள்.

மூன்று வருடமாகிறது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, இந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவள். கூப்பிட்டிருந்த முந்நூறு பேருக்கும் சர்வேயர்தான் ஒவ்வொருவராகப் போன் செய்து, கல்யாணம் நின்றுபோன விஷயத்தைச் சொன்னார்.

கடைசிப் போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நீ அவகூட ஒரு வார்த்தை பேசினாலும் சரி, அப்புறம் என்னை உசிரோட பார்க்க மாட்டே" என்றார். அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அன்றோடு சரி. மகளின் மூன்று பிறந்தநாள்கள் வந்து போயின. பெற்ற வயிறு என்ன பாடு படுகிறது என்று கேட்க அந்த வீட்டில் நாதியில்லை. மனுஷனோ மகளின் போட்டோக்களைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு கல்லு மாதிரி இருந்தார்.

எப்படியாவது அங்கே கூட்டிக்கொண்டுபோய் மகள் எதிரே நிறுத்திவிட வேண்டும். நேரில் பார்த்தால் எந்தக் கல் மனசும் கரையாதா என்ற நப்பாசைதான் அவளுக்கு.

"அப்போ முதல் தாள்ல இருக்கே, அதையே போட்டுடலாமா?" என்றார் சர்வேயர்.

"கடலுக்கு இறங்க அறுபது படியாம். என் முட்டிய நீங்கதான் தூக்கிட்டு வரணும்."

"மூணாவது?"

"அந்தக் கட்டிலப் பாருங்க. ஏறி இறங்க தனியா ஒரு ஏணி வேணும்."

"வேண்டாம்னா எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பியே!"

"நீங்க மட்டும் என்னவாம்? நடுவுல இருக்கிறதுக்கு அப்படி என்ன குறைச்சல்?"

"சத்தம். ரிசப்ஷனே மணல் மேலதான். பேசறதுல பாதி அலையோட போயிடும்."

"என்னமோ நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்த மாதிரி!"

"இந்தா பாரு" என்று பென்சிலை மேஜைமேல் எறிந்தார். "இன்னொரு தடவை அந்த விடுதிப் பேச்சை எடுத்தே, டூரே கிடையாது. சொல்லிட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவள் அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாத்ரூமில் தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்ட பிறகுதான் வாய்விட்டு அழுதாள். இப்படி ஒரு மனுஷனோடு முப்பது வருடம் எப்படிக் குடித்தனம் நடத்தினோம் என்று அவளுக்கே ஆற்றாமையாக இருந்தது.

அழுது முடித்தபோதுதான் அது தோன்றியது. மகளோடு பேச மாட்டேன் என்றுதானே சத்தியம்? விடுதியோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. யாரோ ஒருத்தி மாதிரி ரூம் கேட்கலாம். அவள் குரலையாவது ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு வைத்துவிடலாம்.

அவளுடைய போனில் ரீசார்ஜ் முடிந்து இரண்டு நாளாகிறது. மேஜைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்தாள். "ரெண்டு பேருக்கு ஒரு ரூம் கிடைக்குமாங்க?" என்று குரலை மாற்றி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தாளிலிருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினாள்.

ஒரு மணிதான் அடித்தது, எடுத்துவிட்டார்கள். ஒத்திகை பார்த்த ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

மறுமுனையில் அலைச் சத்தம்தான் கேட்டது. பிறகு மகளின் குரல் தழுதழுத்தது.

"இன்னைக்காவது ஒரு வார்த்தை பேசுங்கப்பா."