துரை கொடுத்த படம்

தேயிலைத் தோட்டத்து மாலை வகுப்பில் லோஜனா டீச்சர் சினிமாத் திரைக்கதைப் புத்தகங்களை வைத்துத்தான் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கொரு வேஷம். இந்தமுறை புத்தகத்தைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையே கொடுத்தனுப்பியிருந்தார்.

“சண்டையில்ல, பாட்டில்ல. வெள்ளக்காரரு கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காரு, கொழுந்து பறிக்கிறவ பதில் சொல்லிக்கிட்டே இருக்கா. இது என்னா படம் டீச்சர்?” என்றாள் பாக்கியம்.

“இஞ்ச வந்துதான் எடுக்கப் போகினமாம் அக்கா. நீங்கள் வசனத்தைப் பாடமாக்குங்கோ.”

“அவளும் என்னைய மாதிரி புருஷன் இல்லாதவ. ஆனா அவ புருஷன் குடிச்சே செத்தான். எங்க வீட்டுக்காரரு தேயிலைக்கு மருந்தடிக்கையில சுருண்டு விழுந்தாரு. அந்த வேஷத்த எனக்கே குடுங்க.”

டீச்சர் ஏனோ தயங்கினாள். “துரையும் அதுக்கு உங்கட பேரைத்தான் எழுதியிருக்கிறார்.”

மறுவாரம் ஜீப் வந்தது. துரையோடு இறங்கிய வெள்ளைக்காரரின் கழுத்தில், தேயிலை வாங்கும் கம்பெனியின் அட்டை தொங்கியது.

“உங்கள் கணவர் எப்படி இறந்தார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். புத்தகத்தில் இருந்த அதே கேள்வி.

பாக்கியமும் ஆங்கிலத்தில் சொன்னாள். “குடித்துத்தான், சார்.” ஒரு சொல் பிசகவில்லை.

“அப்போ, மருந்தடித்ததால் இல்லையா?”

“இல்லை சார். இங்கே யாருக்கும் அப்படி ஆனதில்லை.”

அவர் எழுதிக்கொண்டார். துரை அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

நன்றாக நடித்துவிட்ட பூரிப்பில், பாக்கியம் கேமராவைத் தேடினாள்.

எங்கேயும் காணோம்.