முப்பதாவது வாய்

றோலண்ட் மாஸ்டர் தலையை ஆட்டியதும் நான் கையை நிறுத்த வேண்டும். எனக்குச் சொல்லியிருந்தது அவ்வளவுதான்.

ஆர்கனுக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்குள் நின்று துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்தேன். மரக்கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால்தான் குழாய்களுக்குக் காற்றுப் போகும். காற்றுப் போனால்தான் மாஸ்டர் வாசிப்பது வெளியே கேட்கும். பக்கத்தில் நூலில் ஓர் ஈயக்குண்டு தொங்கும். அது சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே ஏறினால் காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தால் எல்லாம் தெரியும்.

எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்கு எழுபத்தைந்து வயது. அதற்காக இரண்டு நாள் இசைவிழா. இது இரண்டாம் நாள் சாயங்காலம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் ஆகியும் முன்வரிசை வெள்ளைக்காரத் துரைமாருக்கும் துரைச்சாணிமாருக்கும்தான். அடுத்து ஆபீஸ் கிளாக்கர் குடும்பங்கள். கதவோரம் எங்கள் லயத்துக் கூலி ஆட்கள் நின்றார்கள். உட்கார இடமிருந்தது. உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை.

பாடுகிற பெண்கள் முப்பது பேர், வெள்ளைச் சேலையில், மூன்று வரிசையாக. கடைசி வரிசையில் தூணோரம் என் தங்கச்சி சுகிர்தம்.

சுகிர்தம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். இருபத்தொன்பது பேர்தான் தேறினார்கள். வரிசை பல்லுப்போன மாதிரி இருக்கிறது என்றுதான் மாஸ்டர் அவளைச் சேர்த்தார். சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்.

“உன்ரை தோட்டத்துத் தொண்டை இதுக்குச் சரிவராது. வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது, விளங்குதோ?”

இரண்டு மாதம் வாயை அசைத்துப் பழகினாள். லத்தீனுக்கும் அசைத்தாள். மலையில் கொழுந்து எடுக்கும்போது மட்டும் சத்தமாகப் பாடிப் பார்ப்பாள். “என்னடி, சாமியாருக்குப் பேய் புடிச்ச மாதிரி பாடுற?” என்று பக்கத்து நிரை மீனம்மா கேட்டாளாம்.

“கோயிலுக்குள்ள ஒரு தடவ சத்தமா பாடிட்டாப் போதும்ணே,” என்றாள் என்னிடம்.

எனக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நைட் வேலை. விடிய விடிய அரைத்த கொழுந்தை வாரிக் கொட்டுகிறவனுக்குத் தூங்கினாலும் கை நிற்காது என்று மாஸ்டர் துருத்திக்கு என்னைப் பிடித்தார். எட்டாம் வகுப்பில் என்னை வெளியே நிற்கச் சொன்னவரும் இவர்தான். நான் நிற்கவில்லை. அப்படியே பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டேன்.

நேற்று முதல் பாதியில் எனக்கு வேலையில்லை. நானூறு வருடத்துப் பாட்டுகள். ஆர்கன் இல்லாமல் பாடுவார்கள். ஒரு குரல் முடியுமுன் இன்னொரு குரல் வந்து தாங்கிக்கொண்டது. நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் பாதி, மாஸ்டரே கட்டிய புதுப் பாட்டு. ஆர்கனோடு. எதற்குப் பிறகு எது வரும் என்று யாருக்கும் பிடிபடாத பாட்டு. அதன் நடுவில், எல்லாரும் உச்சத்தில் கத்துகிற இடத்தில், நான் கையை எடுத்துவிட்டேன்.

களைப்பில்லை. வேண்டுமென்றேதான். துரைமார் முன்னால் அவர் கேவலப்பட வேண்டும். வேறு எண்ணம் எனக்கில்லை.

குண்டு ஏறியது. ஆர்கன் மாடு சாகிற மாதிரி முனகி, இறங்கி, அடங்கியது. பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது.

ஒரு குரல் நிற்கவில்லை.

தூணோரத்திலிருந்து வந்தது. அவள் வாய் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் வந்து சேர்ந்துகொண்டது.

தாளில் ஒரு பக்கம் முழுக்கத் தனியாகப் பாடினாள். பிறகுதான் மற்றவர்கள் ஒட்டிக்கொண்டார்கள்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. பெரிய துரைச்சாணி மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆர்கன் செத்து ஒரு குரல் மிஞ்சுவது. இப்படியொரு யோசனையை அவள் லண்டனிலும் கேட்டதில்லையாம். மாஸ்டர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

பிறகு தடுப்புக்குள் வந்தார். அறை விழும் என்று நின்றேன்.

“நாளைக்கும் அதே இடத்தில நிப்பாட்டு. நான் தலையாட்டுவன்,” என்றார். “அந்தத் தனிக்குரலைப் பெற்றீசியா பாடுவா.”

பெற்றீசியா அவர் மகள்.

“அப்ப சுகிர்தம்ங்க?”

“அவள் வழமைபோல வாயை அசைக்கட்டும்.”

லயத்துக்குப் போய்ச் சுகிர்தத்திடம் சொன்னேன். வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அதான் ஒரு தடவ பாடிட்டேன்ல,” என்றாள். மடித்ததை உதறினாள். திரும்ப மடித்தாள். திரும்ப உதறினாள்.

இன்று அந்த இடம் வந்தது.

பெற்றீசியா முன்வரிசையிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்து நின்றாள். நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அதனால் எதுவும் மாறவில்லை.

மாஸ்டர் சத்தம் கூட்டும் குமிழ்களையெல்லாம் இழுத்துவிட்டு, பத்து விரலையும் கட்டைகளில் அழுத்தியபடி, தலையை ஆட்டினார்.

நான் அமுக்கினேன்.

மறுபடியும் ஆட்டினார். இன்னும் வேகமாக அமுக்கினேன். குண்டு கோட்டுக்குக் கீழேயே கிடந்தது.

அவர் விரலை எடுத்திருந்தால் ஆர்கன் நின்றிருக்கும். ஆனால் அது முனகிச் சாக வேண்டும். துரைச்சாணி அதற்காகவே மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தாள். கட்டைகளை விடாமல் அவர் காத்திருந்தார், தலையை ஆட்டிக்கொண்டே.

ஆர்கன் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

தூணோரத்தில் சுகிர்தம், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டாள்.

முன்னால் பெற்றீசியா கழுத்து நரம்பு புடைக்க ஒரு பக்கம் முழுக்கப் பாடினாள்.

வாய் மட்டும் அசைந்தது.