இசக்கியின் பங்கு
இன்று நான்கு மணியோடு உலகத்தில் பங்கு ஏமாற்றுவது ஒழிந்துவிடும் என்று ஒரகடம் கல்லூரி ஹேக்கத்தானில், நான்கு மணிக்கு முடியும் நிரல் போட்டி மேசையில், நிவாஸ் அறிவிக்கிறான். உழைத்தவர் பங்கைப் பிளாக்செயின் பதிவேட்டில் ஏற்றும் செயலி. ஏறிய பேரை எவனாலும் அழிக்க முடியாது. "வடக்குப்பட்டு நிலப் பத்திரத்துல பெரியப்பா எங்க அத்தை பேரை விட்டாரே, அந்த வேலையெல்லாம் இதுல நடக்காது மச்சி." பாதிக்கு மேல் நிரல் எழுதிய இசக்கி, ஆலைச் சீருடைப் பொத்தானைப் போடுகிறான், வாசலில் கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. "எம் பேரு இருக்கும்லா மாப்ள? அதக் காட்டித்தான் வேற வேல தேடி இந்த ஆலை லைன விட்டு வெளிய வரணும்." "மணிமங்கலம் கோயில் கல்வெட்டுடா, போ." பஸ் கிளப்பிய புழுதி ஜன்னல் வெயிலில் மிதக்கிறது. கல்லூரி அடையாள அட்டை இல்லாதவர் பேர் இருந்தால் அந்த அணி நீக்கப்படும் என்கிறது ஒலிபெருக்கி. இசக்கி பாதி குடித்து வைத்த டீயில் ஆடை படர்கிறது. நிவாஸ் எதையும் அழிக்கவில்லை. புதிதாக ஒரு பதிவேட்டைத் தொடங்கி, தன் பேரை மட்டும் ஏற்றுகிறான்.