செய்தியின் முடிவில் ஒரு குதிரை

கடலுக்கு நடுவே எண்ணெய்த் தளத்தில் வேலை பார்க்கும் கிளாட்வின் என்ன எழுதினாலும், நிறுவனத்தின் கணினி அதை இனிக்க இனிக்க மாற்றித்தான் வீட்டுக்கு அனுப்பும். எழுத்துகளோடு எழுத்தாகத் தட்டும் சதுரங்கக் காய்களை மட்டும் அது தொடுவதில்லை என்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். விடுப்பில் வந்தபோது மனைவி பிரகாசியிடம் சொல்லி வைத்தான். முடிவில் வெள்ளைக் குதிரை இருந்தால் நலம், கறுப்புக் குதிரை என்றால் ஆபத்து.

அவன் திரும்பிப் போனபின் எட்டு மாதமும் வெள்ளையே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, "இங்கே எல்லாம் அருமை, சாப்பாடு பிரமாதம்" என்ற செய்தியின் முடிவில் கறுப்புக் குதிரை நின்றது. ♞

பிரகாசி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவிலிருந்த கொழுந்தனிடம் ஓடினாள்.

"தம்பி, இதப் பாருங்க. அவுகளுக்கு என்னமோ ஆயிட்டு!"

அவன் போனை வாங்கிப் பார்த்தான். "வெள்ளக் குதிரதான மதினி இருக்கு?"

பிடுங்கிப் பார்த்தாள். அதே செய்திதான். முடிவில் ♘.

"உடனே கெளம்பி வந்துருங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று தட்டி அனுப்பினாள். அவள் கண்ணெதிரிலேயே எழுத்துகள் கலைந்து வேறாகச் சேர்ந்தன.

"அவசரம் ஒண்ணுமில்லங்க, நிதானமா வாங்க. நான் சந்தோசமா இருக்கேன். ♘"

கிளாட்வின் அதைப் படித்துவிட்டதற்கு அடையாளமாக, கீழே இரண்டு நீல டிக் விழுந்தன.