முன்னாடிச் சக்கரத்தைத் தொடுங்க

“முன்னாடிச் சக்கரத்தைத் தொடுங்க. பின்னாடி இல்லீங்க, முன்னாடி.”

“தொட்டனுங்க. ஹாரன்தான் அடிக்குது.”

“அது ஹெட்லைட்டுங்க. சித்த கீழ தொடுங்க.”

“லாரி ஓடிட்டே இருக்குதுங்களே, எங்கீன்னு தொடறது?”

சத்யபிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு ஹாரன், குஞ்சம், கண்ணாடி விற்கும் காளியண்ணன் தன் கடைக்கு வெப்சைட் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. வாங்குகிறவர்களுக்கு வழி சொல்லத் தனியாக ஒரு செல்போன், அதில் பேச சத்யபிரியா. மூன்று வாரத்தில் அந்தப் போனில் கூப்பிட்டது ஒரே ஒருவர். புதுச்சத்திரம் மணியன், பத்துச் சக்கர லாரி என்றார். தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடுவார். தினமும் புதுசாக ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வெப்சைட்டைத் திறந்தால் திரை முழுக்கக் காளியண்ணன் கும்பிட்டபடி நிற்பார். நாதஸ்வரம் முழங்கும். பிறகு ஒரு லாரி குறுக்கே ஓடும். ஓடுகிற அந்த லாரியின் முன் சக்கரத்தைக் குறிபார்த்துத் தொட்டால்தான் சாமான்கள் கண்ணில் படும். அத்தனையும் முதலாளியின் சொந்த மூளை.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க,” என்றார் மணியன். “கடைக்குள்ள ஆளு வந்தா மொதல்ல ஹாரனைக் காட்டுவீங்களா, மொதலாளியக் காட்டுவீங்களா?”

“ஹாரனைத்தானுங்க.”

“அப்பறம் இங்க மட்டும் எதுக்குங்க தலைகீழ?”

சத்யபிரியா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போனை வைத்ததும் காளியண்ணன் அவளைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார். “கண்ணு, மூணு வாரத்துல ஒரே ஆளு. ஒரு ஆளுகிட்டப் பேச ஒரு ஆளா? இந்த மாசத்தோட வெப்சைட்ட மூடிப்போடலாம்னு இருக்கறேன். நீயும் வேற எடம் பாத்துக்க சாமி.”

அவளுக்கு இது பி.காம். முடித்து, எட்டு இடம் ஏறி இறங்கிக் கிடைத்த முதல் வேலை. நோட்டைப் பிரித்தாள்.

“ஏனுங்கண்ணா, கஸ்டமர் சொன்னதைப் படிக்கறேன். கேட்டுப்போட்டு முடிவு பண்ணுங்க. ‘ஹாரன் வேணும்னா ஹாரன்னு எழுதியிருக்கோணும், விடுகதை போடக் கூடாது.’ ‘நாதஸ்வரத்தை நிறுத்த வழியில்லை, கிளீனரு கல்யாண ஊடுன்னு நெனைச்சுக்கறான்.’ ‘உள்ள போனவன் வெளிய வர்றதுக்குள்ள டீ ஆறிப்போகுது.’”

காளியண்ணன் மீசையைத் தடவினார். “வெப்சைட் செஞ்ச சேலத்துப் பையன் குமரகுருவும் இதையேதான் சொன்னான். லாரியே ஏறாதவனுக்கு என்ன தெரியும், நாஞ் சொன்ன மாதிரி செய்யின்னு போன்ல அதட்டிப்போட்டேன். கஸ்டமரே சொன்னா அது வேற. ஆனா, என்ற போட்டோவ எங்க வெக்கறது?”

“கடையில எங்கீங்கண்ணா வெச்சிருக்கீங்க?”

திரும்பிப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால், காலண்டருக்கு மேலே அவர் படம் தொங்கியது. சாமான்கள் எல்லாம் முன்னால் மின்னின.

“செரி, செரி. எல்லாத்தையும் எழுதி அந்தப் பையனுக்கு அனுப்பு. நம்ம நம்பரையும் முன்னால கொண்டாரச் சொல்லு. அது எங்க கெடக்குது?”

இருவரும் தேடினார்கள். ‘எங்களைப் பற்றி’க்குள் ‘குலதெய்வம்’, அதற்குள் ‘முதலாளியின் சிங்கப்பூர் பயணம்’, அதில் அறுபது படங்களைத் தாண்டினால் கடைசியில், வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்தில், எறும்பு அளவுக்கு அந்த நம்பர்.

“அடக் கெரகமே! இதை எவன் கண்டுபுடிப்பான்?” காளியண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். கூடச் சிரித்த சத்யபிரியா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க மணியன் கூப்பிடவில்லை. பதினோரு மணியானால் அவள் கண் போனுக்குத்தான் போனது. இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் ஏமாற்றமாக இருந்தது.

திங்கட்கிழமை புது வெப்சைட் வந்தது. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. சங்ககிரியிலிருந்து கண்ணாடி கேட்டார்கள், ராசிபுரத்திலிருந்து குஞ்சம் கேட்டார்கள், ஒடிசாவில் லோடு ஏற்ற நின்ற டிரைவர் ஒருவர் நான்கு ஹாரன் கேட்டார். காளியண்ணன் கடை முழுக்க டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

“நீ எங்கீம் போவாத கண்ணு. கூட ஒரு ஆளு வேணும்னாலும் போட்டுக்கலாம்.”

அவளுக்கு ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. அப்போது மணி பதினொன்று. போன் அடித்தது. மணியன்தான்.

“இப்ப எப்படீங்க இருக்குது?” என்றாள்.

“ரொம்பச் சுளுவா இருக்குதுங்க. ஒரே தொடுல ஹாரன் வந்துருது.”

“அப்பறம் எதுக்குங்க கூப்பிட்டீங்க?”

“சும்மா… உங்ககிட்டச் சொல்லலாம்னுதானுங்க.”

“நானும் ஒண்ணு கேக்கோணுமுங்க. திரை முழுக்க ஓடுன லாரியில சக்கரம் எதுன்னு தெரியாத நீங்க, சிங்கப்பூருக்கு அடியில எறும்பாட்டம் கெடந்த இந்த நம்பரை மட்டும் எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?”

மறுமுனையில் மெல்ல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அதை அங்க கொண்டுபோயி வெச்சதே நான்தானுங்களே!” என்றான் சேலத்துக் குமரகுரு.